பட்டமேறிய கண்

பட்டம் விடுதல் சிறுவர்தம் விளையாட்டென்பது யாவரும் எண்ணுவதொன்று. காற்று வீசும் மாலைப்பொழுதில் நூலைக் கையிற் பற்றிக்கொண்டு வானை நோக்கி நிற்குங்கால், மேலே மிதக்கும் அப்பட்டத்திற்கு ஒரு கண்ணிருந்தால் நம் வீட்டுக் கூரையும், தெருவும், ஊரும் அதற்கு எவ்வாறு தோன்றுமோ என இளமையில் ஒருமுறையேனும் நினையாதார் நம்முள் மிகச் சிலரே. அந்நினைவு பெரும்பாலார்க்கு நூலைச் சுற்றி வைத்தவுடனே மறந்துபோம். ஒரு சிலர்க்கோ அது மறவாது நின்று, வாழ்நாட் பணியாகவே முதிர்ந்துவிடும். அங்ஙனம் மறவாதாருள் தலைசிறந்த ஒருவரது வரலாற்றை ஈண்டு நம் கல்லூரி நண்பர்கட்குச் சுருங்கக் கூறப் புகுகின்றோம். அவர் அமெரிக்க ஐக்கிய நாடுகளிற் சிக்காகோ நகரத்தில் வாழ்ந்த நிழற்படக் கலைஞர் ஜார்ஜ் ரேமண்ட் லாரன்ஸ் என்பார். 1906-ஆம் ஆண்டில் நிலநடுக்கத்தாலும் நெருப்பாலும் பாழான ஸான் பிரான்ஸிஸ்கோ நகரினை, 2,000 அடி உயரத்தினின்று ஒரே படத்திற் பதித்தவர் இவரே. அப்படத்தைக் கண்டார் பலர். ஆயின், அதனை எடுத்தவர் வானத்தில் ஏறவேயில்லை, மண்ணின்மீது கால் ஊன்றியே நின்றார் என்பதை அறிந்தார் சிலரேயாவர். அவர் ஏன் ஏறவில்லை என்பதே இவ்வரலாற்றின் உயிர்நிலை.

இளமையும் தொழிலும்

லாரன்ஸ் 1868-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் இல்லினாய் மாநிலத்து ஆட்டவா என்னும் ஊரிற் பிறந்தார். உழவுத் தொழிற் குடும்பத்தில் வளர்ந்த அவர், இளைஞராயிருந்தபொழுதே சிக்காகோவை அடைந்து, குதிரை வண்டிகள் செய்யும் தொழிற்சாலையொன்றில் வேலைக்கமர்ந்தார். அங்கே மரச் சக்கரங்கட்கு இரும்புப் பட்டை பூட்டுவதற்குப் புதியதொரு முறையைக் கண்டமைத்தார் என்பர். எத்தொழிலிற் புகுந்தாலும், உள்ள முறையோடு அமையாது, இதனினும் எளிய வழி இல்லையோ என ஆராய்தல் அவர்தம் இயல்பாயிற்று. பின்னர் 1891-ஆம் ஆண்டளவில் அத்தொழிலை விட்டு நிழற்படத் தொழிலை மேற்கொண்டார். உருவப்படம் எடுக்கும் சிறிய நிலையமொன்றே அவரது தொடக்கம்.

அந்நாளில் இருண்ட மண்டபங்களிற் படம் எடுப்பது அரிதினும் அரிது. மின்விளக்குகளின் ஒளி அதற்குப் போதாது. ஆகலின், பளிச்சென எரியும் ஒருவகைப் பொடியைக் கொளுத்தி, அவ்வொளியிற் படம் எடுப்பர். பொடியோ பெரும்புகை கிளப்பும். சிறிது தவறினால் வெடிக்கும். லாரன்ஸ் அப்பொடியின் கலவையைத் திருத்தியமைத்துப் பெரிய மண்டபத்தின் பல இடங்களிற் சிறிது சிறிதாக வைத்து, மின்சாரத்தினால் அவையனைத்தும் ஒரே நொடியில் எரியுமாறு செய்தார். நூற்றுக்கணக்கானோர் அமர்ந்த விருந்து மண்டபங்களை இவ்வாறு படம் எடுத்ததனால் அவர் பெயர் நகரெங்கும் பரவிற்று. அதுவரையிற் பிறரால் இயலாதிருந்த படங்களை எடுத்தலே தமது சிறப்புத் தொழில் என அவர் துணிந்து விளம்பரமும் செய்யலானார்.

பெருங்காமிரா

அவ்விளம்பரத்திற்கு ஏற்றதொரு சோதனை 1900-ஆம் ஆண்டில் வந்தது. சிக்காகோ–ஆல்ட்டன் இருப்புப்பாதைக் குழுவினர் அழகிய புதிய இரயில் வண்டித்தொடர் ஒன்றைச் செய்வித்தனர். அத்தொடர் முழுவதையும் ஒரே படத்திற் காட்டவேண்டும் என்பது அவர் விருப்பம். பகுதி பகுதியாக எடுத்துப் பின்னர் ஒட்டினால் வரைகள் நேரொத்து அமையா எனக் கண்ட லாரன்ஸ், அத்தொடருக்கு ஏற்ற காமிராவையே செய்துவிடலாம் என்றார். அங்ஙனமே செய்யவும் செய்தார். அதனுள் வைக்கும் கண்ணாடித் தகடு 8 அடி நீளமும், ஏறத்தாழ 4½ அடி அகலமும் உடையது. காமிரா மட்டும் 900 இறாத்தல். தகட்டினையும் அதன் சட்டத்தினையும் சேர்த்தால் 1,400 இறாத்தல். அதனை இயக்குதற்குப் பதினைந்து ஆட்கள் வேண்டியிருந்தனர். தகட்டிற் படிந்த தூசியைத் துடைப்பதற்கு ஓர் ஆள் காமிராவினுள்ளேயே புகுந்து வெளிவருவாராம்! உலகிலேயே மிகப் பெரிய காமிரா என அது அக்காலத்திற் பேர்பெற்றது. அதனால் எடுத்த படம் அவ்வாண்டு பாரிஸ் நகரத்திற் கூடிய உலகக் கண்காட்சியில் வைக்கப்பட்டபொழுது, ஒரே தகட்டில் எடுத்தது என்பதை நம்புதற்கு அங்குள்ளார் முதலிற் தயங்கினர்.

இப்பெருங்காமிராவைப் பற்றி ஈண்டுக் கூறியதற்குக் காரணம் உண்டு. பெரிய பொருளைப் படம் எடுக்கப் பெரிய கருவி வேண்டும் என்பதே அன்று அவர் கண்ட விடை. அவ்விடை இரயில் வண்டிக்குப் பொருந்தியது. ஒரு நகரம் முழுவதையும் ஒரே படத்திற் காட்டவேண்டுமாயின் யாது செய்வது? நகரத்தின் எதிரே எத்துணைப் பெரிய காமிராவை நிறுத்தினும் முதல் வரிசை வீடுகளே அதற்குத் தெரியும். ஏனைய அவற்றின் பின்னே மறைந்துபோம். கருவி பெருத்தலால் ஆவதொன்றில்லை. கண் உயர்தல் வேண்டும்.

வீழ்ச்சி

லாரன்ஸ் முதலிற் பெரிய ஏணிகளையும் உயர்ந்த கோபுரச் சட்டங்களையும் நிறுத்தி, அவற்றின் உச்சியினின்று படம் எடுத்துப் பார்த்தார். அவை எட்டும் உயரம் அவருக்குப் போதவில்லை. பின்னர்க் காற்றினும் இலேசான வாயு நிரப்பிய பலூனைக் கயிற்றாற் கட்டிப் பறக்கவிட்டு, அதன்கீழ்த் தொங்கும் கூடையில் தாமே காமிராவுடன் ஏறலானார். பலூனிலிருந்து படம் எடுத்தல் அவர்க்கு முன்பே பிறர் செய்ததுதான். பிரான்சு தேசத்து நாடார் என்னும் புகழ்பெற்ற நிழற்படக் கலைஞர் 1858-ஆம் ஆண்டிலேயே பாரிஸ் நகருக்கு அருகில் அதனைச் செய்தார். 1860-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பாஸ்டன் நகரம் பலூனிலிருந்து படமாக்கப்பட்டது.

1901-ஆம் ஆண்டில் ஒருநாள், சிக்காகோவில் லாரன்ஸ் இவ்வாறு உயரத்தில் இருக்கும்பொழுது, பலூனினின்று கூடை அறுபட்டுவிட்டது. இருநூறு அடிக்கு மேற்பட்ட உயரத்தினின்று அவர் கூடையோடு கீழ்நோக்கி விழுந்தார். விழுந்த வழியிலே தந்திக் கம்பிகளும் தொலைபேசிக் கம்பிகளும் குறுக்கே ஓடின. அவற்றிற் சிக்குண்டு வேகம் தணிந்ததனால், பெருங்காயம் எதுவுமின்றி அவர் நிலத்தையடைந்தார். எவரோ தத்தம் செய்திகளை அனுப்புதற்காகக் கட்டிய கம்பிகள் வானினின்று வீழ்ந்த ஒருவரது உயிரைத் தாங்கின.

இத்தகைய வீழ்ச்சிக்குப் பின்னர் மனிதர் செய்யக்கூடியன இரண்டென நாம் நினைப்பது வழக்கம். ஒன்று, அஞ்சி அம்முயற்சியைக் கைவிடுதல்; மற்றொன்று, அஞ்சாது மீண்டும் ஏறுதல். முன்னதைக் கோழைமை என்றும், பின்னதை வீரம் என்றும் கதைகள் கூறும். லாரன்ஸ் இவ்விரண்டனுள் ஒன்றையும் தனித்துக் கொள்ளவில்லை. உயரத்தை அவர் விடவில்லை. தம் உடலை அங்கே கொண்டுபோவதை விட்டார். உயரத்திற்குச் செல்லவேண்டியது காமிராவின் கண்ணேயன்றி, அதனை இயக்கும் ஆள் அல்லன் என்னும் எளிய உண்மை அவ்வீழ்ச்சியினால் அவர்க்கு விளங்கிற்று. ஆளின் எடை நீங்கினால் பலூனும் வேண்டா. காற்றே தூக்கிச் செல்லும் பட்டம் போதும்.

பட்டத்தின் முன்னோர்

பட்டத்தினாற் படம் எடுக்கும் கலையும் லாரன்ஸ் தோற்றுவித்ததன்று. அதன் தந்தையெனப் போற்றப்படுபவர் பிரான்சு தேசத்தின் தெற்குப் பகுதியில் லபுரூகியேர் என்னும் சிற்றூரில் வாழ்ந்த ஆர்தர் பட்டூ என்பார். 1846-ஆம் ஆண்டிற் பிறந்து 1918-ஆம் ஆண்டில் மறைந்த அவர், 1888-ஆம் ஆண்டில் தம் ஊரினைப் பட்டத்திலிருந்து படம் எடுத்தார். இலேசான சிறு காமிராவைப் பட்டத்தின் சட்டத்திலேயே கட்டி, அதன் மூடியின் விசையை ஒரு நூலால் தடுத்து வைத்து, அந்நூலோடு மெல்ல எரியும் திரியொன்றை இணைத்தார். திரியைக் கொளுத்திப் பட்டத்தை விட்டால், அது வேண்டிய உயரத்தை அடைதற்கும் திரி எரிந்து நூலை அறுத்தற்கும் காலம் ஒத்து வரும். மூடி திறந்து மூடியவுடன் ஒரு தாள் துண்டு விடுபட்டுக் காற்றில் மிதந்து வீழும். படம் எடுபட்டது எனக் கீழே நிற்பவர் அதனால் அறிவார். இம்முறைகளையெல்லாம் விளக்கி 1890-ஆம் ஆண்டில் அவர் ஒரு நூலும் வெளியிட்டார்.

அமெரிக்காவில் இக்கலையைத் தொடங்கியவர் வில்லியம் எட்டி என்பவர். வாலின்றியே நிலைத்துப் பறக்கும் பட்டமொன்றை அமைத்துப் பேர்பெற்ற அவர், 1895-ஆம் ஆண்டில் நியூ ஜெர்ஸி மாநிலத்துப் பேயோன் என்னும் ஊரிற் பட்டத்தினாற் படம் எடுத்தார். ஆனால், இவர்கள் எடுத்த படங்கள் சிறியன. இவர்தம் காமிராக்களும் இலேசானவை. லாரன்ஸ் தூக்க விரும்பிய காமிராவோ ஏறத்தாழ ஐம்பது இறாத்தல் எடையுடையது. அவ்வளவு எடையைத் தூக்குவதும், தூக்கியபின் ஆடாது நிறுத்துவதும் எவ்வாறு? ஏறத்தாழ ஐந்தாண்டுகள் அவர் இவ்வினாவோடு போராடினார்.

பட்டவரிசை

அவர் கண்ட முதல் விடை, ஒரே பெரிய பட்டத்திற்கு மாறாகப் பல பட்டங்களை ஒரே கம்பியில் வரிசையாகக் கட்டுதல். காற்றின் வேகம் இருமடங்கானால், பட்டத்தை அது தாக்கும் வலிமை நான்மடங்காகும். ஒரு பெரும்பட்டத்தை மட்டும் நம்பியிருந்தால், மெல்லிய காற்றில் அது எழாது. வன்காற்றிலோ கம்பியை அறுத்துவிடும். பல பட்டங்களாயின், காற்று மெலியும் நாளில் எண்ணிக்கையைக் கூட்டலாம். வலுக்கும் நாளிற் குறைக்கலாம். ஒன்று கிழிந்தாலும் ஏனையவை சுமையைத் தாங்கும். சிக்காகோவைச் சேர்ந்த சைலஸ் கோனைன் என்பவர் 1902-ஆம் ஆண்டில் உரிமைப் பட்டயம் பெற்ற ஒருவகைப் பட்டத்தையே லாரன்ஸ் மேற்கொண்டார். முக்கோணப் பெட்டிபோன்ற நடுப்பகுதியும், இருபுறமும் சிறகுகளும் கொண்ட அப்பட்டம் தூக்கும் வலிமையும் நிலைப்பும் ஒருங்கே வாய்ந்தது.

இரண்டாவது இடர் ஆட்டம். பட்டம் ஒருபோதும் அசையாது நிற்பதில்லை. அதனோடு காமிராவை இறுகக் கட்டினால், பட்டத்தின் ஒவ்வொரு நடுக்கமும் படத்திற் புகுந்து அதனை மங்கச் செய்யும். ஆகையால், அவர் காமிராவைப் பட்டத்திற் கட்டாது, பட்டங்கட்கு வெகு கீழே கம்பியிலே தொங்கவிட்டார். அன்றியும், காமிராவினின்று மூன்று திசைகளில் நீண்ட மூங்கிற் கழிகளை நீட்டி, அக்கழிகளின் முனைகளினின்று பட்டுக் கயிறுகளை இறக்கி, அவற்றைக் கீழே ஒரு சிறு ஈயக் குண்டிற் சேர்த்துக் கட்டினார். காமிரா ஒருபுறம் சாயத் தொடங்கினால், அக்குண்டு மறுபுறமாக இழுத்து அதனைச் சமன் செய்யும். கம்பத்தின்மேற் கயிற்றில் நடக்கும் கூத்தர் கையிலுள்ள நீண்ட கழியினால் தம்மைச் சமன்செய்துகொள்வதை நினைந்தால் இதன் பயன் ஒருவாறு விளங்கும்.

மூன்றாவது இடர், வேண்டிய நொடியில் மூடியைத் திறத்தல். இங்கே பட்டூவின் திரி பயன்படாது. திரி எரிந்து முடியும் நொடியில் மேகம் கதிரவனை மறைத்திருக்கக்கூடும். காமிரா வேறு திசை நோக்கியிருக்கவும் கூடும். லாரன்ஸ் நிலத்தினின்று காமிராவரை மின்கம்பி செலுத்தி, கீழே நின்றபடியே மூடியை இயக்கினார். படம் எடுபட்டதும் சிறு குடை ஒன்று விரிந்து கீழே இறங்கும். அதனைக் கண்டவுடன் பட்டவரிசையைச் சுற்றியிழுத்து, காமிராவை இறக்கிப் புதிய படச்சுருளை வைத்து மீண்டும் ஏற்றுவர். படச்சுருள் காமிராவினுள் வில்போல் வளைந்திருக்கும். மூடி திறந்ததும் வில்லைக்கண்ணாடி ஒருபுறத்தினின்று மறுபுறம் வரை திரும்பிச் செல்ல, அகன்ற காட்சி முழுவதும் சிறிது சிறிதாக அதிற் பதியும். இவ்வமைப்பு முழுவதற்கும், கட்டுண்ட வானக்கப்பல் என்னும் பொருள்பட அவர் ஒரு பெயர் சூட்டினார்.

பாழ்நகரம்

1906-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 18-ஆம் நாள் விடியற்காலையில் ஸான் பிரான்ஸிஸ்கோ நகரம் நடுங்கியது. நடுக்கம் ஒரு நிமிடத்திற்கும் குறைவாகவே நீடித்தது. ஆனால், நிலத்தினடியில் ஓடிய நீர்க்குழாய்கள் முறிந்தன, வாயுக் குழாய்களும் உடைந்தன, அடுப்புகள் சரிந்தன. பல இடங்களிற் பற்றிய நெருப்பை அணைக்க நீர் இல்லை. நெருப்பின் பாதையிலுள்ள கட்டிடங்களை வெடிவைத்துத் தகர்த்து அதனைத் தடுக்க முயன்றனர். அவ்வெடிகளாலேயே சில இடங்களிற் புதிய நெருப்பும் பற்றிற்று. மூன்று நாட்கள் அது எரிந்தது. ஏறத்தாழ 28,000 கட்டிடங்கள் அழிந்தன. நகரத்து மக்கள் ஏறத்தாழ நாலு இலட்சம் பேரில் இரண்டு இலட்சத்திற்கு மேற்பட்டோர் வீடிழந்து, வெளிகளிலும் பூங்காக்களிலும் கூடாரமிட்டுத் தங்கினர்.

அவ்வழிவினை நிலத்தில் நின்று எடுத்த படங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. இடிந்த ஒரு சுவர், வளைந்த ஓர் இரும்புத் தூண், தெருவில் அடுப்பு மூட்டிச் சமைக்கும் ஒரு குடும்பம் என அவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு சிறு கூற்றையே காட்டும். நகரம் முழுவதற்கும் நேர்ந்தது யாது என்பதை ஒரே பார்வையிற் காண ஒருவராலும் இயலவில்லை. அதனைக் காட்டும் கருவியோ சிக்காகோவில் லாரன்ஸிடம் ஆயத்தமாயிருந்தது. அவர் தம் பட்டங்களோடும் காமிராவோடும் நாட்டின் குறுக்கே பயணஞ்செய்து ஸான் பிரான்ஸிஸ்கோவை அடைந்தார்.

நிலநடுக்கம் நிகழ்ந்து ஏறத்தாழ ஆறு வாரங்கட்குப் பின்னர், மே மாதம் 28-ஆம் நாள், கடற்குடாவின் மேலே அவரது பட்டங்கள் எழுந்தன. அன்று பதினேழு பட்டங்கள் பறந்தன எனக் கூறுவர். அவற்றின்கீழே 2,000 அடி உயரத்திற் காமிரா நின்றது. மேற்றிசையிற் கதிரவன் சாய்ந்துகொண்டிருந்த நேரத்தில் லாரன்ஸ் கீழேயிருந்து மின்விசையை அழுத்தினார்.

அப்படம் ஏறத்தாழ 4 அடி நீளமும் 1½ அடிக்குச் சற்றுக் குறைந்த அகலமும் உடையது. சிறிய படத்தைப் பெரிதாக்கி எடுத்ததன்று. படச்சுருளே அவ்வளவு பெரிது. ஆதலின், எத்துணை அணுகி நோக்கினும் நுண்மை குறைவதில்லை. முன்னே கடற்கரைத் துறைகள் வரிசையாக நீரில் நீண்டு கிடக்கின்றன. அவற்றின் நடுவே படகுத்துறை மாளிகையின் கோபுரம் வீழாது நிற்கின்றது. அதனின்று நகரத்தின் பெருந்தெருவாகிய மார்க்கெட் தெரு உள்நோக்கிச் செல்கின்றது. அதன் இருபுறமும் கட்டிடங்கள் இருந்த இடங்களிற் பெரும்பாலும் வெறுஞ்சுவர்களும் சாம்பல் வெளியுமே தோன்றுகின்றன. தெருக்களின் கோடுகள் மட்டும் சதுரங்கப் பலகையின் கட்டங்கள்போல் அழியாது கிடக்கின்றன. தொலைவிற் குன்றுகளும், அவற்றிற்கப்பால் பொன்வாயில் எனப்படும் நீரிணையும், அதன்மேல் மேகங்களினூடே சாயும் ஒளியும் காணப்படும். இவ்வளவு கொடிய அழிவினைக் காட்டும் படம் இவ்வளவு அழகாயிருத்தல் தகுமோ என்றே பார்ப்போர் உள்ளம் சற்றுத் தடுமாறும்.

படத்தின் விலை

அப்படத்தின் பிரதி ஒன்றை லாரன்ஸ் 125 டாலர் விலைக்கு விற்றார். அந்நாளில் அது பெருந்தொகை. அதனால் அவர்க்கு வந்த வருவாய் 15,000 டாலர் எனக் கணக்கிட்டுள்ளனர். வீடிழந்தோர் கூடாரங்களில் வாழும் நாளிலே அவர்தம் நகரத்தின் பாழினை விற்றுப் பொருளீட்டியது முறையோ என வினவுவார் உளர். இவ்வினாவை நாம் எளிதாகத் தள்ளிவிடல் ஆகாது. நாட்டின் குறுக்கே ஆட்களையும் கருவிகளையும் கொண்டுசெல்லும் செலவு அவருடையது. ஐந்தாண்டு உழைப்பும், முன்னர் நேர்ந்த வீழ்ச்சியும் அவருடையன. அவர் எடாதிருப்பின் அப்பார்வை உலகிற்கு என்றும் கிட்டியிராது. எனினும், படத்தின் பொருளாகிய துன்பம் அவருடையதன்று. பிறர் துன்பத்தைப் பதிவு செய்வோர் யாவரும் எந்நாளும் இவ்வினாவின் எதிரே நின்றே ஆகவேண்டும். லாரன்ஸ் அதற்கு என்ன விடை கூறியிருப்பாரோ என நாம் கற்பித்துக் கூற விரும்பவில்லை.

இன்னொன்றும் நாம் நினைக்கத்தக்கது. அப்படத்தில் எரிந்த கட்டிடங்களை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். தெருக்களின் பெயர் சொல்லிச் சுட்டலாம். ஆனால், ஒரு மனித முகத்தையேனும் அதிற் காணமுடியாது. அந்நகரத்து அதிகாரிகள் அவ்வழிவில் இறந்தோர் சில நூறு பேரே என அக்காலத்திற் கணக்குக் கொடுத்தனர். பல்லாண்டுகட்குப் பின்னர் ஆவணங்களைத் துருவி ஆராய்ந்தோர் அத்தொகை 3,000-க்குக் குறையாது என்று கண்டனர். ஏழைகளும், சீனர் குடியிருப்பில் வாழ்ந்தோரும் பழைய கணக்கிற் சரிவரச் சேர்க்கப்படவில்லை. 2,000 அடி உயரத்திலிருந்து நோக்கிய கண் நகரத்தின் முழு வடிவினை நமக்குத் தந்தது. விடுபட்டோரை நமக்குத் தந்தவர்கள் நிலத்திலிருந்து பெயர் பெயராகத் தேடியவர்களே. இது காமிராவின் குறையன்று. உயரத்திற்கு உரியது முழுமை. அணுக்கத்திற்கு உரியது முகம். ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது.

பிற்காலம்

ஸான் பிரான்ஸிஸ்கோப் படத்தினால் லாரன்ஸின் புகழ் உச்சியை எய்திற்று. அதன்பின் அவரது பட்டங்கள் வேறு பல ஊர்கள்மேலும் பறந்தன. 1909-ஆம் ஆண்டில் அவர் ஆப்பிரிக்காவின் கிழக்குப் பகுதிக்குச் சென்று, காட்டு விலங்குகளைப் படம் எடுக்கவும் முயன்றார். ஆயினும், அதற்குள்ளே வானத்தின் நிலை மாறத் தொடங்கியிருந்தது. 1903-ஆம் ஆண்டில் ரைட் சகோதரர் ஆகாய விமானத்தைப் பறக்கவிட்டனர். 1908-ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்தில் அவர்தம் விமானத்திலிருந்து முதன்முதற் படம் எடுக்கப்பட்டது. பின்வந்த முதல் உலகப் போரில் இரு திறத்தாரும் விமானங்களிலிருந்தே எதிரிகளின் நிலைகளைப் படம் பிடித்தனர். பட்டவரிசைக்கு அவ்வேலையில் இடமில்லாது போயிற்று.

தம் கலை பழமையாகிவிடும் என்பதை உணர்ந்தாற்போல, லாரன்ஸ் 1910-ஆம் ஆண்டளவிலேயே நிழற்படத் தொழிலினின்று விலகி, ஆகாய விமானங்களை அமைக்கும் துறையிற் புகுந்தார். அத்துறையிற் பல உரிமைப் பட்டயங்கள் பெற்றார். ஆனால், நிழற்படத் துறையிற் கிட்டிய வெற்றி ஈண்டு அவருக்குக் கிட்டவில்லை. 1938-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் அவர் உலக வாழ்வை நீத்தார். அவர் எடுத்த பட்டப்படங்கள் பல இன்று வாஷிங்டன் நகரத்து நாடாளுமன்ற நூலகத்திற் போற்றப்பட்டு வருகின்றன.

தொடங்க விரும்புவார்க்கு

விமானமும், அதன்பின் செயற்கைக் கோளும், இந்நாளில் ஆளில்லாச் சிறு பொறிகளும் வந்துவிட்டபோதிலும், பட்டத்தினாற் படம் எடுக்கும் கலை மறையவில்லை. எந்திரமும் எண்ணெயும் மின்கலமும் வேண்டாது, காற்று ஒன்றையே துணைக்கொண்டு உயர்வது அதன் சிறப்பு. அகழ்வாராய்ச்சி நடக்கும் இடங்களையும், கடற்கரைகளையும், சதுப்பு நிலங்களையும் படமெடுக்க இன்றும் அதனைக் கையாள்வோர் உளர். லாரன்ஸ் ஐம்பது இறாத்தல் தூக்கிய இடத்தில், இக்காலத்துக் காமிராக்களோ ஒரு கையளவே. ஆகவே, பதினேழு பட்டம் வேண்டியதில்லை; நன்கு நிலைத்துப் பறக்கும் பட்டம் ஒன்றே போதும்.

நம் நண்பருள் எவரேனும் முயல விரும்பின், லாரன்ஸின் வரலாறே அவர்க்கு வழிகாட்டும். முதலிற் காமிராவின்றிப் பட்டத்தை மட்டும் பலநாள் விட்டு, அதன் இயல்பையும் காற்றின் இயல்பையும் பழகிக்கொள்ளவேண்டும். நிலத்தருகே காற்று மரங்களாலும் வீடுகளாலும் கலங்கித் திரியும். உயரத்தில் அது சீராக ஓடும். ஆதலாற் பட்டத்தை முதலில் அச்சீரான காற்றுவரை உயரவிட்டு, அது அங்கே அமைதியாக நிலைபெற்ற பின்னரே, அதனினின்று பல கசம் கீழே நூலிற் காமிராவைத் தொங்கவிடவேண்டும். காமிராவின் எடையளவு மணலை ஒரு பையிற் கட்டி முன்னர் ஏற்றிப் பார்த்தல் நன்று. மணல் வீழ்ந்தால் இழப்பில்லை. காமிராவைச் சமநிலையில் தாங்குதற்குப் பிரான்சு தேசத்துப் பிக்காவே என்பவர் 1912-ஆம் ஆண்டில் அமைத்த முறை இன்றும் வழக்கில் உள்ளது. சிலுவை வடிவாக அமைந்த இரு கழிகளின் நான்கு முனைகளிலும் ஒரே கயிறு தடையின்றி ஓடுமாறு கோத்து, அதனை நூலின் இரண்டு இடங்களிற் கட்டுவர். பட்டத்தின் நூல் எக்கோணத்திற் சாய்ந்தாலும், கயிறு தானே ஓடிச் சரிப்படுத்திக்கொள்ளக் காமிரா சமமாகவே நிற்கும். கைக்கு உறை அணிதல் வேண்டும். இழுவிசை மிக்க நூல் விரலை அறுத்துவிடும். கூட்டத்தின் மேலே சுமையைப் பறக்கவிடலாகாது. மின்கம்பி உள்ள இடத்தை அணுகவே கூடாது. 1901-ஆம் ஆண்டில் லாரன்ஸைத் தாங்கியவை செய்திக் கம்பிகள். நம் காலத்தில் எங்கும் ஓடுபவை உயிரைக் குடிக்கும் மின்கம்பிகள்.

இவ்வளவும் செய்தபின் நாம் செய்யவேண்டுவது காத்திருத்தல் ஒன்றே. காற்று நம் ஏவலுக்கு வாராது. லாரன்ஸ் தம் வாழ்நாளில் எத்தனையோ கருவிகளைத் தம் விருப்பிற்கு வளைத்தவர். காற்றின் முன்னரோ அவரும் நூலைப் பற்றிக்கொண்டு நின்றவரே. வீழ்ந்த இடத்தினின்று எழுந்து, மீண்டும் தாமே ஏறிப் புகழ்தேட எண்ணாது, தம் கண்ணை மட்டும் உயரவிட்டுக் காலை மண்ணில் ஊன்றிய அறிவே அவர்தம் பெருமை. கல்வி கற்கும் நாமும் நாடுகளையும் காலங்களையும் தொலைவினின்று முழுமையாகக் காணப் பழகி வருகின்றோம். அம்முழுமையில் முகங்கள் மறைந்துபோம் என்பதை மறவாது, படம் எடுத்து முடிந்தபின் நூலைச் சுற்றிக்கொண்டு அவ்வூர்த் தெருவினுள் நடந்து செல்லுதலும் நம் கடமையெனக் கொள்வோமாக.